சுவருக்குச் சொன்னது போதும்

(மலேசியா, பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய ஆலயத் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, இந்த மழையிலும் ஈப்போவிலிருந்து வந்திருக்கும் டத்தோ அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் மகளிர் குழுத் தாய்மார்களே, தோட்ட லயத்து வீடுகளிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் வந்திருக்கும் அக்கா தங்கைகளே, வணக்கம். இந்த மண்டபத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர் டத்தோ அவர்கள். அதனால்தான் இன்று நனையாமல் உட்கார்ந்திருக்கிறோம். நன்றி ஐயா.

குடும்ப வன்முறையைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். கதை, சட்டம், பிள்ளைகள்.

“சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்” என்பார் என் அம்மா. அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், முகம் வீங்கி ஒரு பெண் வந்து நின்றால், சுற்றி நிற்பவர்கள் அந்தப் பழமொழியைத்தான் சொல்வார்களாம். பிறகு அவரவர் மர நிரைக்குப் போய்விடுவார்கள். அந்தப் பழமொழியோடு நான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நம் பாட்டிமார் வேறொரு கதையும் வைத்திருந்தார்கள். மகன்களும் மருமகள்களும் படுத்திய பாட்டை யாரிடமும் சொல்ல முடியாமல் உள்ளேயே வைத்து வைத்து ஒரு கிழவிக்கு உடம்பு ஊதிப்போனது. பாழடைந்த வீடு ஒன்றில் நுழைந்து, ஒரு சுவரிடம் ஒருவரைப் பற்றிச் சொன்னாள். சுவர் இடிந்தது. நான்கு சுவரும் இடிந்த பிறகு, உடம்பு இளைத்து வீடு திரும்பினாள். கிழவிக்குச் சுவராவது கிடைத்தது.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, அவள் சம்மதத்தோடு சொல்கிறேன், ஒன்பது ஆண்டு ஒருவனோடு வாழ்ந்து வெளியே வந்தாள். அடி குறைவு. ஆனால் சம்பளக் கார்டு அவனிடம், கைப்பேசி அவனிடம், பஸ் வந்து சேரும் நிமிடக் கணக்கும் அவனிடம். வந்த பிறகும் அவளால் பேச முடியவில்லை. “நான்” என்று தொடங்கினாலே தொண்டை அடைத்தது. “நீ எழுதாதே, பூங்கோதை என்று ஒருத்தியை எழுது” என்றேன். நோட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

பூங்கோதை வேலை முடிந்து வருகிறாள். வாசலில் அவன் செருப்பைப் பார்க்கிறாள். இரண்டும் நேராகக் கிடந்தால் சோறு இறங்கும். ஒன்று கவிழ்ந்து கிடந்தால் அன்று ராத்திரி தூக்கமில்லை. முதல் கதை அவ்வளவுதான், ஒரு பக்கம். படித்தபோது என் கை நடுங்கியது. இரண்டாவது கதையில் பூங்கோதையின் மகளும் செருப்பைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். அன்று என் மாணவி என் வீட்டில் அழுதாள், நான் டீ போட்டுக் கொடுத்தேன், வேறென்ன செய்வது? மூன்றாவது கதையில்தான் அந்த வரி வந்தது: “அவள் செருப்பையே பார்த்தாள், ஏனென்றால் அவன் முகத்தைப் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது.” நான்காவதில் பூங்கோதை பசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குப் போய்ப் பன்னிரண்டு வெள்ளிக்குச் சிவப்புச் செருப்பு வாங்கி, அதை வாசல் நடுவிலேயே விட்டாள். மறுவாரம் இவளும் சிவப்புச் செருப்போடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்! (கைதட்டல்)

அந்த “ஏனென்றால்” சாதாரணச் சொல் இல்லை, தாய்மார்களே. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்கள் தங்கள் மனக்காயத்தை நாளுக்கு 15 நிமிடம், 4 நாள் எழுதினார்கள். எழுதியவுடன் மனம் கனத்தது. பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. எழுத எழுத “ஏனென்றால்”, “புரிந்தது” போன்ற சொற்கள் கூடியவர்கள் நன்றாகத் தேறியதைப் பிற்காலத்தில் கண்டார். காயத்தையே திரும்பத் திரும்பச் சொல்வது வேறு, அதற்குக் காரணம் தேடிக் கதையாக்குவது வேறு. ஆனால் அவனோடு ஒரே கூரையில் இருப்பவர்கள் நோட்டை வீட்டில் வைக்காதீர்கள். முதலில் உயிர், பிறகு கதை.

சட்டம். நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. மனத்தைச் சிதைப்பதும் வன்முறைதான் என்பதைப் பின்னால் வந்த திருத்தம் சேர்த்தது. உதவி கேட்டு அழைக்கும் ‘தாலியான் காசே’ தொலைபேசி எண் 15999, அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இப்போது நான் வந்த காரியம். பழைய ஆயாக்கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. நம் அம்மாக்கள் நம்மைத் தொட்டிலில் போட்டுவிட்டு வேலைக்குப் போன இடம். அதைப் பெண்கள் கதை எழுதும் கூடமாகக் கொடுங்கள் என்று மூன்று பொதுக்கூட்டத்தில் கேட்டுவிட்டேன். “சொன்னால் வெட்கம்” என்று எழுந்து பதில் சொன்னவர்களும் உண்டு. வெட்கப்பட வேண்டியவள் அவளா? பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், இந்த ஊரில் பிறந்த அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கியவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். நான் தோட்டம் கேட்கவில்லை. ஓர் அறை, இரண்டு மேசை, ஒரு மின்விசிறி.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, செயலாளர் கை காட்டுகிறார். தலைவர் ஐயா, சாவி உங்களிடம்தான் இருக்கிறது. வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கொட்டகை வாசலில் நிற்பேன். நோட்டும் பேனாவும் நான் கொண்டு வருகிறேன். பூட்டு திறக்காவிட்டால் திண்ணையில் பாய் விரித்துத் தொடங்குவோம். வணக்கம்.