கோலியாத்தின் தலையைத் திருப்பிய கை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லாருக்கும் வணக்கம்.

"'டேவி அண்ட் கோலியாத்' தொடர் இன்னும் மனதில் நிற்பது சொன்ன நீதியாலா, செய்த கைவேலையாலா?" என்பது தலைப்பு. டேவி என்ற பையனும் கோலியாத் என்ற அவன் நாயும் வரும் அமெரிக்கச் சிறுவர் தொடர் இது; பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாகப் படம்பிடித்து எடுத்தது. நான் கைவேலைக் கட்சி.

எதிரணியில் முதலில் பேசிய அம்மா மூன்று சான்று வைத்தார். 1961ல் ஒளிபரப்பாகத் தொடங்கிய இந்தத் தொடர் அமெரிக்காவின் ஐக்கிய லூத்தரன் திருச்சபை பணம் போட்டு எடுத்தது. முகப்பு இசை, அந்தச் சபை மரபுக்கு மூலவரான மார்ட்டின் லூத்தரின் பாட்டு. டேவி என்ற வெள்ளைக்காரப் பையனுக்கு ஜொனாதன் என்ற கறுப்பினப் பையனை 1960களிலேயே நண்பனாகக் காட்டினார்கள். மூன்றும் உண்மை. ஜொனாதனுக்காக எழுந்து நின்றே கைதட்டுகிறேன்.

ஆனால் அம்மா, இதை எடுத்தவர் யார்? 'கம்பி' (Gumby) என்ற பெயருள்ள களிமண் பொம்மையை உருவாக்கிய ஆர்ட் க்ளோக்கி, கூடவே அவர் மனைவி ரூத். க்ளோக்கி பாதிரியாராகப் படிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டு சினிமாவுக்கு வந்தவர். நீதி மட்டும் போதுமென்றால் அந்த மனிதர் பிரசங்க மேடையிலேயே நின்றிருப்பாரே!

கணக்குக்கு வருகிறேன். ஒரு பாகத்துக்கு 15 நிமிடம். ஃபிலிம் ஓடுவது நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். ஆக 21,600 ஃபிரேம். ஒரு நிலைக்கு இரண்டு ஃபிரேம் எடுத்தாலும் 10,800 முறை பொம்மையைத் தொட வேண்டும். அதுவும் ஒரே ஒரு பொம்மை ஆடினால்தான் இந்தக் கணக்கு. பையன், நாய், தங்கச்சி சாலி, அப்பா என்று நான்கு பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நடுவரே பெருக்கிக்கொள்ளட்டும்.

தொடுவது என்றால் சும்மா தொடுவதா? பையன் உருவத்தில் பொம்மை செய்ய வேண்டுமென்றால் உள்ளே எலும்புக்கூடு வேண்டும். எளிய வழி, இரண்டு அலுமினியக் கம்பியைச் சேர்த்து முறுக்குவது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே மக்கு பூசி இறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கை மூட்டில் மடங்காமல் புடலங்காய் மாதிரி வளையும். அதை இரண்டு பாதி பிளாஸ்டர் அச்சுக்குள் வைத்து, முட்டை அடிப்பது போல நுரைக்க அடித்த ரப்பர் பாலை ஊற்ற வேண்டும். உறைய வைக்கும் மருந்து கடைசியில்தான் சேரும். அதற்குப் பிறகு கையில் இருப்பது சில நிமிடம். சீக்கிரம் உறைந்தால் விரல் நுனி வரை ரப்பர் போகாது. தாமதமானால் நுரை அமுங்கி அடியில் தங்கிவிடும். பிறகு அச்சை அடுப்பில் குறைந்த சூட்டில் சில மணி நேரம் வேக வைக்க வேண்டும். இத்தனையும் செய்து எடுத்த பொம்மையின் முழங்கைக் கம்பி, ஒரே இடத்தில் மடங்கி மடங்கி ஒரு நாள் உள்ளுக்குள்ளேயே பட்டென்று ஒடியும். அது காட்சியின் நடுவில்தான் ஒடியும். அது அதன் குணம்.

நடக்க வைப்பது இன்னொரு பாடு. நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், பொம்மைக்கு அது வராது. அதனால் பலகையில் துளை போட்டு, அடியிலிருந்து பாதத்துக்குள் திருகாணி ஏற்றுவார்கள். அரை நொடிக்கு ஒரு காலடி என்றால் ஆறு நிலை. ஒவ்வொரு காலடிக்கும் ஒரு திருகாணியைக் கழற்றி அடுத்த துளையில் மாட்ட வேண்டும். பழைய துளையை மெழுகால் அடைக்க மறந்தால் தரையில் எறும்புப் புற்று மாதிரி தெரியும். வேலை செய்பவர் வெள்ளைச் சட்டை போடக்கூடாது. அவர் நிற்கும் இடம் மாற மாற, சட்டையில் பட்ட வெளிச்சம் பொம்மை முகத்தில் மினுக்கும். மின் அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் அதே மினுக்கல். அன்றைக்குத் திரையில் உடனே பார்த்துக்கொள்ளும் வசதி கிடையாது. ஃபிலிம் கழுவி வந்த பிறகுதான் தப்பு தெரியும்.

எதிரணித் தலைவர் ஐயா, "உயிர் கொடுத்தது குரல், குரல் சொன்னது நீதி" என்றார். அழகான வாக்கியம். நாய் கோலியாத்துக்குக் குரல் கொடுத்தவர் ஹால் ஸ்மித். டேவியின் அப்பாவுக்கும் அவரேதான் குரல் கொடுத்தார்! தொண்டை ஒன்று. ஒருவர் அப்பாவாகவும் மற்றது நாயாகவும் தெரிந்தது எதனால்? நிற்கிற நிலையால், தலை திரும்புகிற வேகத்தால், காது விழுகிற கணத்தால். இதையெல்லாம் செய்தது கை.

இதில் ஒரு சூட்சுமம் சொல்கிறேன். அசையாத பொம்மைக்குச் செலவில்லை. இரண்டு நொடி அப்படியே நிற்க வைத்தால் 48 ஃபிரேம், தொடவே வேண்டாம். உயிர் தெரிய ஒரு முறை கண் இமைத்தால் போதும். அதனால் பொம்மைப் படத்தில் அடிக்கடி ஒரு நிற்றல் வரும். டேவி ஏதோ தப்புச் செய்யப் போகிறான். அவனுக்கு மட்டும் பேச்சாகக் கேட்கும் நாய், மற்றவர்களுக்கு வெறும் குரைப்பு, "டேவீ..." என்று இழுக்கிறது. அவன் அசையாமல் நிற்கிறான். பார்க்கிற பிள்ளைக்கு யோசிக்க இடம் கிடைப்பது அந்த அசையாத நேரத்தில்தான். ஐயா புகழ்கிற நீதியே எங்கள் கைவேலையின் சிக்கனத்துக்குள் குடியிருந்தது.

"கணினி வந்ததும் எல்லாம் சுலபமாச்சே, வெஜி டேல்ஸ் பாருங்கள்" என்றார் இன்னொருவர். 1993ல் வந்த அந்தத் தொடரில் நாயகர்கள் ஏன் தக்காளியும் வெள்ளரியும்? கை, கால், முடி, துணி இவற்றைச் செய்ய அன்றைய கணினியால் முடியவில்லை. ஆகவே கையே இல்லாத ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல சமயோசிதம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் டேவிக்குக் கை இருந்தது, சட்டை இருந்தது, சட்டையில் வேலை செய்தவரின் விரல் பட்டு மடிப்புகள் துடித்துக்கொண்டே இருந்தன. அது குறைதான். அந்தக் குறையைப் பார்க்கிறபோதுதான் இதை யாரோ ஓர் ஆள் தொட்டிருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரிகிறது.

கடைசியாக ஒன்று, நடுவர் அவர்களே. ஒரு குளிர்பான விளம்பரத்தில் டேவியும் கோலியாத்தும் வந்தார்கள். அதில் கிடைத்த பணம் 2004ல் வந்த புதிய கிறிஸ்துமஸ் சிறப்புப் படத்துக்குக் கைகொடுத்தது. அப்போது கணினி எல்லா ஸ்டுடியோவிலும் இருந்தது. நீதிதான் முக்கியம் என்றால் அதைக் கணினியிலேயே சொல்லி முடித்திருக்கலாம். அவர்கள் மறுபடியும் பொம்மையைத்தான் மேஜையில் நிற்க வைத்தார்கள். ஏன் என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.