மலை பஸ்ஸுக்கு எத்தனை மில்லி ஸ்டியரிங்?

[காட்சி: குன்னூர். பனிமூட்டம் விலகாத காலை. தகரக் கொட்டகைக்குள் பழைய பஸ். தரையில் சாக்கு விரித்து அதன் மேல் இரண்டு ஸ்டியரிங்.]

இடது பக்கம் கிடப்பது பஸ்ஸோடு பிறந்தது. வெளி விளிம்பிலிருந்து எதிர் வெளி விளிம்பு வரை 550 மில்லிமீட்டர். வலது பக்கம் இருப்பது கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடையில் நான் பிடித்துக்கொண்டு வந்தது, 450 மில்லி. பளபளவென்று இருக்கிறது, பிடி கொஞ்சம்கூட வெடிக்கவில்லை. பழையதில் கை வைக்கும் இடமெல்லாம் கீறல். எதை மாட்டுவது என்று கேட்டால் யாரும் வலது பக்கத்தைத்தான் காட்டுவார்கள். நானும் அதைத்தான் மாட்டினேன். அதனால்தான் இந்த வீடியோ.

பஸ் ஒரு பழைய டாடா மெர்சிடிஸ் பென்ஸ். 1954-இல் டெல்கோவும் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸும் கைகோத்த பிறகு வந்த வண்டிகளில் ஒன்று. 1969-இல் அந்த ஒப்பந்தம் முடிந்தது, முகப்பில் இருந்த நட்சத்திரமும் போனது. எங்கள் வண்டியில் நட்சத்திரம் இருக்கிறது. பவர் ஸ்டியரிங் கிடையாது. டிரைவர் பக்கத்திலேயே இன்ஜின், அதன் எடை நேராக முன் சக்கரத்தில் இறங்குகிறது. ஸ்டியரிங் வாங்கப் போவதற்கு முன்பே இந்த மூன்றையும் நான் யோசித்திருக்க வேண்டும்.

[காட்சி: பர்லியார் பக்கம், கொண்டை ஊசி வளைவு. பஸ் இறங்குகிறது.]

மேட்டுப்பாளையம் குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். இந்த மலையில் பல வருடம் பஸ் ஓட்டிய ஒரு டிரைவர் அண்ணன் எங்களுக்காக ஓட்டிப் பார்த்தார். 450 மாட்டியிருந்தோம். குன்னூரிலிருந்து இறங்கும்போது நேர் சாலையில் நன்றாகவே இருந்தது. முதல் இடக்கை வளைவில் அவர் சீட்டை விட்டு எழுந்துவிட்டார். உடம்பு எடை முழுவதையும் போட்டு ஒடித்தார். அப்படியும் போதவில்லை. நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி ஒடித்தார். எதிரில் ஏறி வந்த லாரி அதுவரை காத்து நின்றது. கீழே இறங்கியதும் அவர் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, பழைய வளையத்தைத் தூக்கிப் போட்டுடாதே.”

நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். இடக்கை வளைவில் வண்டி உள் ஓரமாகச் சுற்ற வேண்டும், அங்கே வளைவு மிகக் குறுகல். அதோடு, இறங்கும்போது வண்டியின் எடை முன்னால் சாயும், பிரேக் அழுத்தினால் இன்னும் சாயும். முன் சக்கரம் கனமானால் ஸ்டியரிங்கும் கனக்கும். ஏறும்போது இலகுவாக இருந்ததே என்று நம்பி ஸ்டியரிங்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள்.

[காட்சி: கரும்பலகை. சாக்பீஸால் இரண்டு வட்டங்கள்.]

இப்போது கணக்கு. ஸ்டியரிங் என்பது ஒரு நெம்புகோல்தான். கடப்பாரை நீளமாக இருந்தால் கல் சுலபமாகப் புரளும், அதே விதி. 550 வளையத்தின் ஆரம் 275 மில்லி, 450-இன் ஆரம் 225. அதே சக்கரத்தை அதே அளவு திருப்ப, சின்ன வளையத்தில் 22 சதவீதம் கூடுதலாக இழுக்க வேண்டும்.

பதிலுக்குக் கிடைப்பது என்ன? கை நகரும் தூரம் குறைகிறது. எங்கள் பஸ்ஸில் ஒரு லாக்கிலிருந்து மறு லாக்குக்கு, அதாவது ஒரு பக்கம் முழுவதும் ஒடித்த நிலையிலிருந்து மறு பக்கம் முழுவதும் ஒடிக்கும்வரை, ஐந்து சுற்று. 550-இல் அந்த ஐந்து சுற்றுக்கு விளிம்பு 8.6 மீட்டர் நகர்கிறது, 450-இல் 7.1 மீட்டர். ஒன்றரை மீட்டர் மிச்சம். காருக்கு இது பெரிய லாபம். ஆனால் தூரம் குறைந்த அதே விகிதத்தில் இழுப்பு கூடுகிறது, பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே உழைப்பு. இழுக்கக் கையில் பலம் போதுமா என்பதுதான் கேள்வி.

[காட்சி: தேயிலைத் தொழிற்சாலை முற்றம். கொழுந்து எடை போடும் கொக்கித் தராசு.]

அந்தப் பலம் எவ்வளவு என்று நீங்களே அளக்கலாம். கொழுந்து நிறுக்கும் தராசு நம் ஊரில் எங்கும் கிடைக்கும். அதன் கொக்கியை ஸ்டியரிங் விளிம்பில் கயிறு கட்டி மாட்டுங்கள். விளிம்பு எந்தப் பக்கம் திரும்புமோ அந்தப் பக்கமே இழுங்கள், சாய்த்து இழுத்தால் கணக்கு தப்பும். சமதளம் வேண்டும், முன் டயரில் சரியான காற்று வேண்டும்.

550-ஐத் திரும்ப மாட்டி அளந்தோம். வண்டி நின்றபடி 28 கிலோ. ஒருவர் முதல் கியரில் நடை வேகத்தில் உருட்ட, இன்னொருவர் இழுத்தபோது 12 கிலோ. நின்றபடி ஒடிப்பதற்கும் உருண்டபடி ஒடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். பழைய டிரைவர்கள் ஏன் வண்டியைக் கொஞ்சமாவது நகரவிட்டே ஒடிப்பார்கள் என்பது இதில் தெரிகிறது. 450 என்றால் இதே அளவுகள் 34 கிலோவும் கிட்டத்தட்ட 15 கிலோவும். சமதளத்தில், காலி வண்டியில் இவ்வளவு.

சரி, 12 கிலோவே அதிகம் இல்லையா? அதிகம்தான். ஆனால் அந்தக் குற்றம் வளையத்தின் மேல் இல்லை, வண்டிக்கு அடியில் இருந்தது.

[காட்சி: ஜாக்கியில் தூக்கிய முன் அச்சு. கிரீஸ் கன்.]

முன் சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் கிங் பின்னில் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிப்போய் இருந்தது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போது கிரீஸ் அடித்தால், எடை தாங்கும் பேரிங் பக்கம் அது சரியாகப் போகாது. அச்சைத் தூக்கிவிட்டு, சக்கரத்தை இரு பக்கமும் ஆட்டிக்கொண்டே அடிக்க வேண்டும். பழைய கறுப்பு கிரீஸ் வெளியே தள்ளி, புதியது எட்டிப் பார்க்கும்வரை அடித்தோம். ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் கியர் பெட்டியான ஸ்டியரிங் பாக்ஸில் எண்ணெய் பாதிதான் இருந்தது, நிரப்பினோம். முன் டயர் இரண்டிலும் காற்றைச் சரிசெய்தோம். டயர் குறித்தும் சொல்ல வேண்டும்: பழைய வகை நைலான் டயரில் ஓடிய வண்டிக்கு இப்போதைய ரேடியல் டயர் போட்டால், நிறுத்தி ஒடிக்கும்போது ஸ்டியரிங் கூடக் கனக்கும். எங்களுடையது இன்னும் நைலான்தான்.

மறுபடி தராசு. நின்றபடி 21, உருளும்போது 9. வளையத்தைத் தொடவே இல்லை.

[காட்சி: கையில் அளவு நாடா. விளிம்பில் ஒட்டிய வெள்ளை டேப்.]

எனக்கு அதிகம் பயம் தந்தது இனி சொல்லப்போவது. சின்ன வளையம் ஸ்டியரிங் பிளேயை, அதாவது சக்கரம் திரும்பாமலே வளையம் சும்மா ஆடும் அளவை, மறைத்துவிடும். 450-இல் விளிம்பு 70 மில்லி சும்மா ஆடியது. பழைய வண்டி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். 550-ஐ மாட்டியதும் அதே பிளே 85 மில்லி. அடியில் ஒன்றும் மாறவில்லை, இரண்டுமே 18 டிகிரிதான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 98ஆம் விதி 30 டிகிரிக்கு மேல் பிளே இருக்கக் கூடாது என்கிறது. அந்த 30 டிகிரி 450-இல் 118 மில்லி, 550-இல் 144 மில்லி. ஆகவே பிளேயை மில்லியில் பேசாதீர்கள், டிகிரியில் பேசுங்கள். விதிக்குள் இருந்தாலும் 18 டிகிரியோடு நான் மலை இறங்க மாட்டேன். இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் எண்டுகளை (முனைகளை) மாற்றி, பாக்ஸைச் சரிசெய்த பிறகு இப்போது 8 டிகிரி.

[காட்சி: டிரைவர் சீட். அண்ணன் உட்கார்ந்திருக்கிறார்.]

பலம் பார்த்தாயிற்று, இனி உடம்பு. பஸ் ஸ்டியரிங் காரைப் போலச் செங்குத்தாக நிற்காது, கிட்டத்தட்ட தட்டு மாதிரி படுத்திருக்கும். அளவில் 50 மில்லி கூட்டினால், வயிற்றுப் பக்கம் 25 மில்லி நெருங்கும், கண்ணாடிப் பக்கம் 25 மில்லி நெருங்கும். கிளட்ச் மிதிக்க முழங்கால் தூக்கும்போது தொடை இடிக்கக் கூடாது. வயிற்றுக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு முஷ்டியாவது நுழைய வேண்டும். முழுச் சுற்று சுற்றும்போது விரல் முட்டி கண்ணாடியிலோ கதவிலோ உரசக் கூடாது. இடிக்கிறது என்றால் முதலில் சீட்டை நகர்த்திப் பாருங்கள். சீட்டுக்கு நாலு ஓட்டை புதிதாகப் போடுவது, ஒவ்வொரு வளைவிலும் 22 சதவீதம் கூடுதலாக இழுப்பதைவிட எவ்வளவோ மேல். சீட்டும் நகராது, டிரைவரும் பெரிய உடம்பு என்றால் 500 வரை இறங்கலாம். 550-ஐவிட பத்து சதவீதம் கூடுதல் இழுப்பு, அடிப்பக்கம் சுத்தமாக இருந்தால் தாங்கும். பவர் ஸ்டியரிங் பொருத்தியவர்களுக்கும் என் ஆலோசனை 500தான். இறக்கத்தில் இன்ஜின் நின்றுபோனால் பவரும் போய்விடும், அப்புறம் கையும் வளையமும்தான்.

பிடியின் தடிமனும் முக்கியம். டிசம்பர், ஜனவரி காலையில் ஊட்டியில் உறைபனி விழும்போது கை விறைத்துப்போகும், மெல்லிய பிடி கையில் நிற்காது. எங்கள் பழைய வளையத்தின் கீறல்களில் எபாக்சி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே தோல் வைத்துத் தைத்தோம். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி நன்றாக இருந்தால்தான் இது சரி. கம்பியே விரிசல் விட்டிருந்தால் அந்த வளையத்தை மறந்துவிடுங்கள்.

[காட்சி: புல்லர் (வளையத்தை இழுத்துக் கழற்றும் கருவி) மாட்டிய ஸ்டியரிங். நெருக்கத்தில் ஸ்டியரிங் தண்டின் பற்கள்.]

வேறு வண்டியின் ஸ்டியரிங்கை வாங்கினால் அளவுக்கு முன்னால் நடு ஓட்டையைப் பாருங்கள். தண்டில் உள்ள பற்களின் எண்ணிக்கையும் சரிவும் அப்படியே பொருந்த வேண்டும். அரம் போட்டுத் தேய்த்து நுழைப்பது, தகடு சுற்றி இறுக்குவது, வெல்டு வைப்பது எதுவும் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். வளைவின் நடுவில் அது வழுக்கினால் பிடிக்க வேறு எதுவும் இல்லை.

கழற்றும்போது சக்கரங்களை நேராக வைத்து, தண்டிலும் வளையத்திலும் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் புள்ளி குத்திவிட்டுத் தொடங்குங்கள். சுத்தியலால் தண்டின் தலையில் அடித்தால் அந்த அடி நேராக ஸ்டியரிங் பாக்ஸின் பேரிங்குக்குப் போகும். எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருந்து புல்லர் போடுங்கள்.

[காட்சி: 550 மறுபடி பஸ்ஸில். அண்ணன் வளைவில் ஒடிக்கிறார்.]

அவர் கட்டை விரல்களைப் பாருங்கள். விளிம்புக்கு உள்ளே போகவே இல்லை, மேலேயே படுத்திருக்கின்றன. முன் சக்கரம் கல்லில் ஏறினால் வளையம் திருப்பி அடிக்கும், உள்ளே விட்ட விரலை அதன் ஆரக்கம்பி உடைத்துவிடும். வளைவு முடிந்ததும் வளையத்தை உள்ளங்கை வழியாக வழுக்கவிடுகிறார், அது தானே நேராகிறது. இந்த முறை சீட்டை விட்டு எழவில்லை, பின்னால் எடுக்கவும் இல்லை.

மாட்டிவிட்டு முதல் தடவை பர்லியார் வரை இறங்கி ஏறி வந்ததும், ஹார்ன் மூடியைத் திறந்து நடு நட்டில் ஒருமுறை ஸ்பானர் போட்டுப் பாருங்கள். எங்களுக்குக் கால் சுற்று இறங்கியது.