280 எழுத்துக்குள் ஒரு வீடு: எக்ஸ், த்ரெட்ஸ், ப்ளூஸ்கையில் ரியல் எஸ்டேட் விளம்பரம்

[திரையில்: ஒரு வீட்டு முகவரின் எக்ஸ் (முன்பு ட்விட்டர்) பக்கம். "விற்பனைக்கு, உடனே அழைக்கவும்" என்ற பதிவுகள் வரிசையாக ஓடுகின்றன]

மேலிருந்து கீழ்வரை வீட்டு விளம்பரம்தான். ஒன்றின் கீழும் கேள்வி இல்லை. பின்தொடர்பவர்களில் இந்த மாதமே வீடு வாங்கப்போகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் ஒன்றிரண்டு வருடம் கழித்து வாங்கலாம். அதுவரை உங்கள் பக்கத்தில் அவர்களை நிறுத்தி வைப்பது விளம்பரம் அல்ல, அவர்கள் மனதில் ஓடும் சந்தேகங்களுக்கு நீங்கள் தரும் பதில்.

[திரையில்: பயோ, அதாவது சுய அறிமுகம், எழுதும் பெட்டி]

எக்ஸ் பயோவுக்கு 160 எழுத்து. "கனவு இல்லம்" என்று எழுதி அதை வீணாக்காதீர்கள். எந்தப் பகுதி, எந்த வகைச் சொத்து, உரிம எண், தொடர்புகொள்ளும் வழி. இவ்வளவு போதும்.

பதிவுக்கு வருவோம். எக்ஸில் இலவசக் கணக்குக்கு வரம்பு 280 எழுத்து, அதே போன்ற தளங்களான ப்ளூஸ்கையில் 300, த்ரெட்ஸில் 500. தமிழில் எழுதுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். "வீடு" நமக்கு இரண்டெழுத்து. எக்ஸ் அதில் உள்ள கொம்பு, சுழிகளையும் தனியாக எண்ணி நான்கு என்று கணக்கு வைக்கும். ப்ளூஸ்கை இரண்டாகவே எண்ணும். ஆக, எக்ஸில் தமிழுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 30 சொல். இணைப்பு சேர்த்தால், அது எவ்வளவு நீளமாக இருந்தாலும் 23 எழுத்து போய்விடும்.

அந்த 30 சொல்லில் "அழகான, விசாலமான" என்பதற்கெல்லாம் இடமில்லை. இப்படி எழுதலாம்:

[திரையில்: "2 படுக்கையறை, நான்காவது மாடி, லிஃப்ட் உண்டு. கார்ப்பெட் ஏரியா 720 சதுர அடி. ஹாலில் மாலை வெயில் நேராக விழும். சமையலறை சிறியது, இருவர் சேர்ந்து நிற்க முடியாது."]

குறையைச் சொன்னால் ஆள் வரமாட்டார்களே என்று தோன்றும். பெரிய சமையலறை வேண்டும் என்பவர் வரமாட்டார்தான். வந்திருந்தாலும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார். உங்களுக்கு ஒரு மதியம் மிச்சம். குறையையும் எழுதுகிற முகவர் சொல்லும் நிறையை மக்கள் நம்புகிறார்கள்.

நான்கு படம் போடுங்கள்: பகல் வெளிச்சத்தில் மூலையிலிருந்து எடுத்த ஹால், சமையலறை, ஜன்னலுக்கு வெளியே தெரிவது, தரைப்படம் (அறைகளின் அமைப்பைக் காட்டும் வரைபடம்). தரைப்படத்தை விட்டுவிடாதீர்கள், வாங்குபவர் தன் கட்டிலையும் மேஜையையும் மனதில் போட்டுப் பார்ப்பது அதில்தான். வீட்டு எண், குடும்பப் புகைப்படம், சாவி மூன்றும் படத்தில் வரக்கூடாது. சாவியின் பல் தெளிவாகத் தெரிந்தால் அதைப் பார்த்தே நகல் செய்ய முடியும். உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார், வீடு பூட்டிக்கிடக்கிறது என்று எழுதுவதும் ஆபத்து.

"குடும்பத்துக்கு மட்டும்", "இன்னாருக்கு இல்லை" என்று எழுதுவது பல நாடுகளில் சட்டத்துக்குப் புறம்பாகலாம். வீட்டை வர்ணியுங்கள். யார் குடியிருக்க வேண்டும் என்பதை வர்ணிக்காதீர்கள்.

[திரையில்: 100, 90, 72, 28 என்ற எண்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன]

இனி, ஆட்களை நிறுத்தி வைக்கும் பதிவு எப்படி இருக்கும் என்று பார்ப்போம். வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். வங்கி 80 சதவீதம் கடன் தரும், கையில் 20 இருந்தால் போதும் என்று வாங்குபவர் கணக்குப் போட்டிருப்பார். வங்கியின் மதிப்பீட்டாளரோ வீட்டை 90 என்று மதிப்பிடுகிறார். 90-ல் 80 சதவீதம் 72. இப்போது கையில் 28 வேண்டும், பத்திரப்பதிவுச் செலவு தனி. முன்பணம் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் அவர் பாடு திண்டாட்டம். இந்தக் கணக்கை நாலு பதிவுத் தொடராக எழுதுங்கள். வீடு தேடும் நண்பருக்கு அனுப்பிவைக்கத் தோன்றுவது இதைத்தான். கார்ப்பெட் ஏரியாவுக்கும் (சுவர்களுக்கு உள்ளே புழங்கும் இடம்) பில்டப் ஏரியாவுக்கும் (சுவரும் பால்கனியும் சேர்ந்தது) என்ன வித்தியாசம், ஒரு வீட்டை மழைநாளில் ஏன் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பவையும் இதே வகை. விளம்பரம் ஒன்று போட்டால் இப்படிப்பட்ட பதிவு மூன்று நான்காவது போடுங்கள்.

[திரையில்: எக்ஸின் அட்வான்ஸ்டு சர்ச்]

தேடவும் வேண்டும். உங்கள் பகுதியின் பெயரோடு "வீடு வேண்டும்", "வாடகை" என்று போட்டு, இணைப்புள்ள பதிவுகளை விலக்கிவிடுங்கள். விளம்பரங்களில் பெரும்பகுதி மறைந்து, நிஜமாகவே கேட்கிறவர்கள் தெரிவார்கள். கேட்டதற்கு அங்கேயே, எல்லோரும் பார்க்கும்படி பதில் சொல்லுங்கள். பட்ஜெட், தொலைபேசி எண் பேசும்போது மட்டும் டிஎம் (தனிச்செய்தி). ஒரே பதிலை இருபது பேருக்கு ஒட்டினால் ஸ்பாம் என்று கணக்கை முடக்கிவிடக்கூடும்.

பதிவை நேரம் குறித்துப் போடலாம். ஆனால் அது வெளியாகும் முதல் ஒரு மணி நேரம் நீங்கள் கைபேசியோடு இருக்க வேண்டும். இரவில் கேட்ட கேள்விக்கு மறுநாள் மாலை பதில் வந்தால், அதற்குள் அவர் வேறொருவரிடம் பேசி முடித்திருப்பார். ஹேஷ்டேக் ஒன்றிரண்டு போதும், அதில் ஒன்று பகுதியின் பெயராக இருக்கட்டும்.

லைக்கை எண்ணாதீர்கள். வீடு பார்க்க வந்தவரிடம் "எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டு எழுதி வையுங்கள். எத்தனை டிஎம் வந்தது, அதில் எத்தனை பேர் நேரில் வந்தார்கள் என்ற இரண்டு எண் மாதாமாதம் இருந்தால், எந்தத் தளத்துக்கு நேரம் செலவிடலாம் என்று தெரிந்துவிடும்.

வீடு விற்றுப்போன அன்றே அந்தப் பதிவின் கீழ் "விற்றாகிவிட்டது" என்று எழுதுங்கள், பக்கத்தின் உச்சியில் நிலையாகப் பொருத்தி (pin) வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். போனவற்றைத் தூண்டிலாக விட்டுவைத்து, அழைப்பவரிடம் "அது போச்சு, வேறொன்று இருக்கு" என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி ஏமாந்தவர் அதையும் பதிவாகத்தான் போடுவார், உங்கள் பெயரைக் குறிப்பிட்டு.