மின்கம்பி இல்லாத வீட்டில் மிக்ஸர் ஓடுகிறது! அமிஷ் மக்களின் காற்று வித்தை

இந்தச் சமையலறையில் சுவிட்ச் இல்லை, பிளக் பாயின்ட் இல்லை. வீட்டுக்கு மின்கம்பியே வரவில்லை. ஆனால் மேடைமேல் ஒரு மிக்ஸர் 'உஸ்' என்று சீறிக்கொண்டு ரொட்டி மாவைப் பிசைகிறது. எதில் ஓடுகிறது?

வணக்கம் நண்பர்களே! நாம் இப்போது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லான்காஸ்டர் வட்டாரத்து அமிஷ் மக்களிடம் போகிறோம்.

வரலாறு இரண்டே வரி. 1693இல் யாக்கோப் அம்மான் என்ற போதகரின் பின்னால் சுவிஸ் அனபாப்டிஸ்டுகளிடமிருந்து (வளர்ந்த பிறகே ஞானஸ்நானம் எடுக்கும் கிறிஸ்தவர்கள்) பிரிந்தவர்கள். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். 1900இல் சுமார் 5,000 பேர், இன்று ஏறத்தாழ 4 லட்சம்!

இனி மிக்ஸருக்கு வருவோம். வீட்டுக்கு வெளியே ஒரு கொட்டகை. அதற்குள் டீசல் எஞ்சின், அது ஓட்டும் கம்ப்ரஸர். பஞ்சர் கடையில் டயருக்குக் காற்றடிப்பார்களே, அதேதான், அளவுதான் பெரிது. அழுத்திய காற்று ஒரு பெரிய தொட்டியில் சேர்ந்து, குழாய் வழியே வீட்டுக்கு வருகிறது. கடையில் வாங்கிய மிக்ஸரின் மின்மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு, காற்றில் சுழலும் சிறிய மோட்டாரைப் பொருத்திவிடுகிறார்கள். வால்வைத் திறந்தால் வேலை நடக்கிறது. தையல் இயந்திரம், தண்ணீர் பம்பு, தச்சுப் பட்டறையின் ரம்பம், துளைபோடும் கருவி என்று எல்லாம் இதே காற்றில்! இதற்கென்றே கருவிகளை மாற்றித் தரும் அமிஷ் பட்டறைகள் இருக்கின்றன. குளிர்பதனப் பெட்டி மட்டும் எரிவாயுவில் ஓடுகிறது.

இவ்வளவு பாடுபடுவதற்கு மின்சாரமே வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். காரணம் இதுதான்: காற்றுக் குழாய் வழியே தொலைக்காட்சி வீட்டுக்குள் நுழைய முடியாது. இயந்திரமே பாவம் என்று அவர்கள் சொல்வதில்லை. இது வந்தால் நம் குடும்பமும் ஊரும் என்ன ஆகும் என்பதே அவர்களுடைய கேள்வி. இருபது முதல் நாற்பது குடும்பங்கள் கொண்ட ஒவ்வொரு சபையும், ஆண்டுக்கு இருமுறை திருவிருந்து எனும் வழிபாட்டுச் சடங்குக்கு முன் கூடி, 'ஆர்ட்னுங்' எனும் தன் விதிகளைப் பேசி உறுதிசெய்கிறது. வாங்குவதற்கு முன்பே ஊர் கூடி யோசிக்கும் இந்தப் பழக்கத்தை நான் மனதார மதிக்கிறேன்.

தொலைபேசியும் அப்படித்தான். வீட்டுக்குள் கூடாது, வெளியே சிறு மரக்கூண்டில் வைத்து, சில குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளலாம். பனிக்காலத்தில் அங்கே நின்று யார் அரட்டை அடிப்பார்கள்? தொழில் செய்பவர்கள் சிலரிடம் இப்போது கைப்பேசி வந்துவிட்டது, சபைகளில் வாக்குவாதமும் வந்துவிட்டது. லான்காஸ்டரில் சைக்கிளும் கிடையாது, காலால் உந்தும் ஸ்கூட்டர்தான்.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைப் பெற்றோருக்கு அளித்தது. டாக்டராக ஆசைப்படும் அமிஷ் சிறுமி என்ன செய்வாள்? உங்கள் கருத்தை அவசியம் எழுதுங்கள்.

லான்காஸ்டருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அமிஷ் மக்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். படத்துக்கு நிற்பதை அவர்கள் நம்பிக்கை ஏற்பதில்லை. இந்த வீடியோவிலும் அதனால்தான் யாருடைய முகத்தையும் காட்டவில்லை. சாலையில் ஆரஞ்சு முக்கோணம் மாட்டிய சாம்பல் நிறக் குதிரை வண்டி தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள், ஹாரன் அடிக்காதீர்கள். குதிரை மிரண்டுவிடும்.