தாத்தாவின் பைனாகுலரைத் தூக்கிப் போடலாமா?

வணக்கம், நேயர்களே. டர்பனில் நம்மவர் பலர் வீட்டு அலமாரியில் ஒரு பழைய பைனாகுலர் தூங்கிக்கொண்டிருக்கும். கிரேவில் மைதானத்தில் ஜூலைக் குதிரைப் பந்தயம் பார்க்கத் தாத்தா கழுத்தில் மாட்டிக்கொண்டு போனது. இன்றைக்குப் பேரன் அதை எடுத்துக்கொண்டு உம்கெனி கழிமுகத்துக்குப் பறவை பார்க்கப் போகிறான். பத்தே நிமிடத்தில் தலைவலி. "கண்ணாடி பழசாகிப் போச்சு, புதுசு வாங்கு" என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

கண்ணாடி அவ்வளவு சீக்கிரம் பழசாகாது. கெட்டுப் போவது பெரும்பாலும் அதன் நேர், அதாவது இரண்டு குழலும் ஒரே திசையைப் பார்த்து நிற்பது.

இப்போதே சோதித்துப் பார்க்கலாம். எதிர் வீட்டுக் கூரையின் கிடைக்கோட்டைப் பைனாகுலரில் பாருங்கள். பார்த்தபடியே அதைக் கண்ணிலிருந்து மெல்ல மெல்ல ஒரு சாண் தூரம் விலக்குங்கள். இரண்டு சின்ன வட்டங்கள் தெரியும். இரண்டிலும் கூரைக்கோடு ஒரே உயரத்தில் இருந்தால் நல்லது. ஒன்றில் ஏறி, மற்றதில் இறங்கியிருந்தால் எப்போதோ கீழே விழுந்து, உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டியான பட்டகம் நகர்ந்திருக்கிறது. நம் கண்கள் இரண்டும் மூக்கை நோக்கித் திரும்பும், பழகிய வேலைதான். ஒன்று மேலே, ஒன்று கீழே பார்க்க அவற்றுக்குத் தெரியாது. ஆனாலும் மூளை இழுத்துப் பிடித்துப் படத்தை ஒன்றாக்கிவிடும். கடையில் ஒரு நிமிடம் பார்த்து ஏமாறுவது இதனால்தான். கூலியைத் தலைவலியாக அப்புறம் வாங்கிக்கொள்ளும்.

தோள் அகன்ற பழைய வகை என்றால் பட்டகம் இருக்கும் இடத்தில், மேல் தோலுக்கு அடியில், பொடித் திருகுகள் இருக்கலாம். வேறு சிலவற்றில் முன் லென்ஸைச் சுற்றி மையம் தள்ளிய வளையங்கள் இருக்கும். இவற்றைத் திருப்பித்தான் நேரைச் சரிசெய்வது. ஒரு குழலை மட்டும் தொடுங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. உங்கள் கண் அகலத்துக்குச் சரிசெய்ததை மகள் வாங்கி நடுக்கீலை மடக்கினால் நேர் மறுபடி கலையும். எல்லா அகலத்துக்கும் நிற்க வேண்டுமானால் கீலின் அச்சை வைத்து நேராக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவி வைத்திருப்பவரிடம் கொடுப்பதுதான் வழி.

அடுத்து என் பழைய சண்டை: தோல் பெட்டி. அழகாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டர்பன் கோடையில் காற்றின் ஈரம் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. தோல் அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பூஞ்சைக்கு அதுவே விருந்து. பெரிய லென்ஸ் பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் தெரிந்தால் பூஞ்சைதான். அது விடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரிக்கும். அரித்த தடம் துடைத்தாலும் போகாது. ஆகவே சீக்கிரம் துடையுங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹால், லென்ஸ் துடைக்கும் தாள், நடுவிலிருந்து விளிம்புக்கு. முன் லென்ஸ் இரண்டு துண்டு ஒட்டியது. துடைக்கலாம், ஊறவைக்கக் கூடாது. பசைக்குள் திரவம் இறங்கிவிடும். பட்டகத்தைக் கழற்றுவதென்றால் ஒவ்வொன்றாக, எந்தப் பக்கம் எங்கே என்று பென்சில் குறி போட்டுக் கழற்றுங்கள். நடுச்சக்கரம் இறுகியிருந்தால் கிரீஸ் காய்ந்திருக்கிறது என்று பொருள். பலங்கொண்டு திருகாதீர்கள், லைட்டர் பெட்ரோலால் பழையதைக் கரைத்துப் புதுக் கிரீஸ் இடுங்கள்.

பிறகு? சோறு கட்டும் பிளாஸ்டிக் டப்பா போதும், காற்றுப் புகாததாக. உள்ளே சிலிக்கா ஜெல் மணிகள். ஆரஞ்சு மணி பச்சையானால் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். தோல் பெட்டியை? பூஜை அறைக்குப் பக்கத்தில் அழகுக்கு வையுங்கள்! பைனாகுலரை மட்டும் அதற்குள் வைக்காதீர்கள், மறுபடியும் சொல்கிறேன்.

இனி, செலவு செய்யத் தகுமா? விளக்கொளியை லென்ஸில் பிடியுங்கள். வெள்ளையாகத் திருப்பி அடித்தால் பூச்சே இல்லை. ஒவ்வொரு கண்ணாடி முகமும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பிவிடும். எளிய பழைய பைனாகுலரில் ஒரு குழலுக்குப் பத்து முகம். கண்ணுக்கு வந்து சேர்வது மூன்றில் இரண்டு பங்குதான். அதற்குச் செலவு வேண்டாம், தாத்தாவின் நினைவாக வைத்துக்கொள்ளுங்கள். நீலமாகவோ ஊதாவாகவோ மின்னினால் பழுது பார்க்கலாம். மலிவான நேர்குழல் பைனாகுலர் நேர் கலைந்தால், கூலி புதியதன் விலையைத் தாண்டிவிடும். விட்டுவிடுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். கரூ வறள்நிலத்தில் வேட்டைக்குப் போகிறவர்கள் துப்பாக்கி ஸ்கோப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாக: முதலில் பிடி வளையத் திருகுகளைப் பாருங்கள், பாதிக் குற்றம் அங்கே. பிறகு சுடுதளத்தில் நான்கு மூலைச் சோதனை. ஒரு குண்டு, ஸ்கோப்பின் திருகு குமிழை வலம் 20 கிளிக் (ஒரு கிளிக் என்பது குமிழ் நகரும் ஒரு படி), குண்டு, மேலே 20, குண்டு, இடம் 20, குண்டு, கீழே 20, கடைசிக் குண்டு. ஒரு கிளிக் கால் நிமிடக் கோணம் (இங்கே நிமிடம் என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்றால் நூறு மீட்டரில் ஒவ்வொன்றும் 7 மில்லிமீட்டர். கடைசிக் குண்டு முதல் ஓட்டைக்குப் பக்கத்தில் விழாவிட்டால் உள்ளே வில் தளர்ந்திருக்கலாம். வீட்டில் திறக்காதீர்கள், புதியவற்றில் பல நைட்ரஜன் அடைத்து மூடியவை. வணக்கம்.