பனி என்ற ஒரு சொல்லும் நான்கு டயர்களும்

வணக்கம். மூணாறு கடைத்தெருவில் இருபத்தாறு ஆண்டுகளாக டயர் கடை வைத்திருப்பவன் நான். கொழுந்து ஏற்றும் டிராக்டர், எஸ்டேட் ஜீப், பள்ளிக்கூட வேன் என்று சக்கரங்களைக் கழற்றி மாட்டியே தலை நரைத்துவிட்டது. இன்று பேசப்போவதோ ஸ்போர்ட்ஸ் காருக்குக் குளிர்கால டயர் எப்படி எடுப்பது என்பதைப் பற்றி. லயத்து வீடுகளில் வானொலியைத் திறந்து வைத்திருக்கும் அக்காமார் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் நம் பிள்ளைகள் சிலர் இப்போது ஜெர்மனி, கனடா என்று போய்விட்டார்கள். அப்படிப் போனவர்களில் என் அக்கா மகனும் ஒருவன்.

அவனுக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை. இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினான். எஞ்சின் நடுவில், இழுப்பு பின்சக்கரத்தில். அக்டோபர் பிறந்ததும் போன் வந்தது. "மாமா, இங்கே பனி விழுந்த சாலையில் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டினால் அபராதம். எந்த டயர் வாங்கட்டும்?" பக்கத்தில் இருந்த அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார். "பனிக்குத் தனியாக டயரா? மார்கழிப் பனியில் நாங்கள் செருப்பில்லாமல் மலை ஏறவில்லையா?"

அக்காவைக் குறை சொல்ல முடியாது. நம் மொழியில் எல்லாமே பனிதான். கொழுந்து நுனியில் விடிகாலையில் நிற்பதும் பனி, கேப் ரோட்டில் எதிரே வரும் வண்டியை மறைப்பதும் பனி, ஜனவரியில் செண்டுவாரையிலும் லெட்சுமி எஸ்டேட்டிலும் புல்லை வெள்ளையாக்கிக் கொழுந்தைக் கருக்குவதும் பனி. ஜெர்மனியில் வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் அதே பனி. டயர்க்காரனுக்கு இந்த வசதி கிடையாது. மூடுபனி கண்ணுக்குத் தொல்லை. டயருக்கு அது வெறும் ஈரம். உறைபனி மெல்லிய கண்ணாடித் தகடு. வெண்பனி இன்னொரு வகை. டயரின் பள்ளத்தில் அடைந்து இறுகிக்கொண்டால், அந்தப் பனியே கீழே கிடக்கும் பனியைப் பிடித்துக்கொள்ளும். நான் வெண்பனியை நேரில் பார்த்ததில்லை. ரப்பரைத்தான் பார்த்திருக்கிறேன். விஷயம் அதில்தான் இருக்கிறது.

குளிர்கால டயர் வெண்பனிக்காக மட்டும் செய்தது என்று பலரும் நினைக்கிறார்கள். குளிருக்காகவும் செய்தது அது. வெப்பநிலை ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கோடை டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்குகிறது. சாலை காய்ந்தே கிடந்தாலும் பிடிப்பு குறையும். ஸ்போர்ட்ஸ் காரில் வரும் டயருக்கு இந்தக் குணம் இன்னும் அதிகம்; சூடேறிப் பிடிப்பதற்காகவே பிசைந்த ரப்பர் அது. அப்படிப்பட்ட சில டயர்கள் உறைகுளிரில் வெடிப்பு விடக்கூடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள்.

இதை நான் கடையில் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி விடியலில், சமவெளியிலிருந்து வந்த ஓர் இளைஞரின் தாழ்வான சிவப்புக் கார் கேப் ரோட்டு வளைவில் பின்பக்கம் வழுக்கித் தேயிலைச் செடிக்குள் போய் நின்றது. ஆளுக்குக் காயமில்லை. சாலையில் யாரோ எண்ணெய் கொட்டிவிட்டார்கள் என்று சாதித்தார். போய்ப் பார்த்தேன். எண்ணெய் இல்லை, வெறும் ஈரம். டயரில் நகத்தை அழுத்தினேன். காய்ந்த செருப்புத் தோலை அழுத்தியதுபோல் இருந்தது. பத்து மணி வெயிலில், கடை வாசலில் அதே டயரில் அதே நகம் பதிந்தது. வேகமாக ஓட்டியதும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ரப்பர் விடிகாலையில் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

குளிரிலும் இளகி இருக்கும் ரப்பர் எது? நாம் அன்றாடம் பார்ப்பதுதான். மூணாறிலிருந்து நேரியமங்கலம் இறங்கிக் கோதமங்கலம் பக்கம் போனால், பட்டையில் கோடு கீறி, சிரட்டை கட்டி நிற்கும் மரங்களின் பால். இயற்கை ரப்பருக்குக் கடுங்குளிரிலும் நெளிவு போகாது. அதனால்தான் குளிர்கால டயரின் கலவையில் அதன் பங்கைக் கூட்டி, ஈரத்தில் பிடிப்பதற்கு சிலிக்காவும் சேர்க்கிறார்கள். டயரின் மேல் கட்டை கட்டையாக நிற்கும் பட்டனை உற்றுப் பார்த்தால் கத்தியால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான நுண்கோடுகள் தெரியும். சக்கரம் உருளும்போது அவை விரிந்து விரிந்து பனியைக் கவ்வும். இந்த வேலையில் ஃபின்லாந்துக்காரர்கள் மூத்தவர்கள். நோக்கியன் நிறுவனம் 1934இலேயே லாரிக்குக் குளிர்கால டயர் செய்து, 1936இல் காருக்கும் கொண்டுவந்துவிட்டது.

மருமகனிடம் முதலில் சொன்னது, டயரின் பக்கச் சுவரைப் பார் என்பதுதான். மூன்று முகடுள்ள மலை, அதற்குள் ஒரு பனிச்சில்லு. இந்த முத்திரை இருந்தால் பனியில் சோதித்துத் தேறிய டயர். சேறு, பனி என்பதற்கான ஆங்கில முதலெழுத்துகளான எம், எஸ் மட்டும் இருந்தால் அது தயாரிப்பாளர் தானாகப் போட்டுக்கொண்ட பட்டம். 2024 அக்டோபர் முதல் ஜெர்மனியில் அந்த எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு குளிர்கால டயர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அடுத்தது அளவு. இங்கேதான் எங்களுக்குள் சண்டை வந்தது. அவன் காரில் 20 அங்குல ரிம். முன்னால் 235/35, பின்னால் 265/35. அதாவது முன் டயரின் அகலம் 235 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 35 சதவீதம், 82 மில்லிமீட்டர்தான். வளையல்போல் மெலிந்த டயர். பார்க்க அழகு, பனிக்கு அடியில் ஒளிந்திருக்கும் குழியில் விழுந்தால் ரிம் நசுங்கும். "18 அங்குல ரிம்முக்கு இறங்கு" என்றேன். "கார் பொம்மைபோல் ஆகிவிடும் மாமா" என்றான்.

பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 235/35 டயர் 20 அங்குல ரிம்மில் மொத்த விட்டம் ஏறக்குறைய 672 மில்லிமீட்டர். 235/45 டயர் 18 அங்குல ரிம்மில் 669. பின் டயரில் 20 அங்குல ரிம்முக்கு 694, 18 அங்குல ரிம்முக்கு 696. வெளிச்சுற்று கிட்டத்தட்ட அதேதான். வேகமானி பொய் சொல்லாது, மின்னணுப் பாதுகாப்பும் குழம்பாது. ரிம்மில் குறைந்த இரண்டு அங்குலம் ரப்பர்ச் சுவராக வந்து குழியின் அடியை வாங்கிக்கொள்ளும். கார்த் தயாரிப்பாளர் குளிர்காலத்துக்கென்று அனுமதித்த அளவுகள் கையேட்டில் இருக்கும். அதில் இன்னும் ஒடுங்கிய அளவு இருந்தால் அதை எடு என்றேன். வெண்பனியில் அகல டயர் தோணிபோல் மேலே மிதக்கப் பார்க்கும், ஒடுங்கியது வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். ஆனால் பிரேக் தட்டு பெரிதாக இருந்தால் சின்ன ரிம் அதில் உரசும்; மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதே.

எந்தக் கம்பெனி என்பது எனக்கு இரண்டாம் பட்சம். எந்த நாட்டுக் குளிர் என்பதுதான் முதல். ஸ்வீடன், ஃபின்லாந்து மாதிரி மாதக்கணக்கில் பனியும் பனிக்கட்டியும் கிடக்கும் இடத்துக்கு மிக இளகிய டயர் வேண்டும். ஸ்டுட்கார்ட்டில் குளிர்காலத்தில் பல நாள் வெறும் ஈரச் சாலைதான். அங்கே அந்த இளகிய டயரை மாட்டினால் ஸ்போர்ட்ஸ் கார் களிமண்ணில் நடப்பதுபோல் நெளியும். வேகக் கார்களுக்கென்றே மத்திய ஐரோப்பியக் குளிருக்குச் செய்த வகை தனியாக இருக்கிறது, அதைத்தான் சொன்னேன். வேக எழுத்தும் பார்க்க வேண்டும். ஹெச் என்றால் டயர் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும், வி என்றால் 240. காரின் உச்ச வேகத்தைவிடக் குறைந்த எழுத்துள்ள குளிர்கால டயரை ஜெர்மனியில் மாட்டலாம். ஓட்டுபவர் கண்ணில் படும்படி அந்த வேகத்தை எழுதி ஒட்டிவிட வேண்டும். அந்தச் சீட்டைத் தன் மகன் தினமும் படிப்பான் என்பதில் அக்காவுக்குப் பரம திருப்தி.

இழுப்பு பின்னால்தானே, பின்னுக்கு மட்டும் இரண்டு வாங்கினால் போதாதா என்று சிக்கனம் பேசினான். நன்றாகத் திட்டினேன். பின்னால் பிடிப்பு, முன்னால் வழுக்கல் என்றால் வளைவில் ஸ்டீயரிங் திரும்பும், கார் திரும்பாது.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது நமக்கும் உதவும். ஐந்தாறு டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய ஒரு பவுண்டு காற்று குறையும். தேனியில் வெயிலில் காற்று பிடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறி இங்கே விடிகாலை ஐந்து டிகிரியில் நிற்கும் வண்டிக்கு நான்கைந்து பவுண்டு குறைய வேண்டும். ஆனால் இந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு. அதனால் மானி இரண்டு பவுண்டைக் கூட்டிக் காட்டும். கடைசியில் இரண்டு, இரண்டரை பவுண்டு இடிக்கும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள், ஓடி வந்த பிறகு வேண்டாம்.

இதைக் கேட்டுவிட்டு யாராவது மூணாறுக்குக் குளிர்கால டயர் தேடி என் கடைக்கு வந்தால் விற்க மாட்டேன். நம் உறைபனி சில விடியல்களின் விருந்தாளி. மதியம் அடிமாலி இறங்கியதும் அந்த இளகிய ரப்பர் சூட்டில் குழைந்து, தேய்ந்து, பிரேக் பிடித்தாலும் தள்ளிப் போய்த்தான் நிற்கும். நமக்கு வேண்டியது மழைக்கு ஆழமான பட்டன்.

மருமகன் கதை பாக்கி இருக்கிறது. அரை விலைக்கு நான்கு டயர் கிடைக்கிறது, பட்டன் தேயவே இல்லை என்று படம் அனுப்பினான். பக்கச் சுவரில் தேதி எண் 1516. அதாவது 2016ஆம் ஆண்டின் 15ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் கிடந்தே கிழடாகிப்போன ரப்பர். வேண்டாம் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே புதிதாக நான்கு வாங்கினான், 18 அங்குல ரிம்மோடு.

அக்டோபரில் மாட்டு, ஈஸ்டருக்குக் கழற்று என்பது அந்த ஊர்க் கணக்கு. அதுவரை கோடைச் சக்கரங்களை வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். ரிம்மோடு இருந்தால் படுக்க வைத்து அடுக்கலாம், ரிம் இல்லாவிட்டால் நிறுத்தி வைக்க வேண்டும். அவன் குடியிருப்பது ஒற்றை அறை. போன வாரம் வீடியோவில் பேசும்போது அக்கா கேட்டார், "என்னடா அது, புது மேசையா?" நான்கு சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பலகை போட்டு, அதன்மேல் தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வணக்கம்.