ஊசுடு ஏரியில் தண்ணீர் இறங்கும் காலம்

வணக்கம். காலை ஆறேகால் மணி, பிப்ரவரி கடைசி வாரம். ஊசுடு ஏரியில் நிற்கிறேன். இன்று மெதுவாகத்தான் பேசுவேன், ஹெட்ஃபோன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே நாரை நிற்கிறது.

இடம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி நகரத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். வில்லியனூரிலிருந்து பத்துக்கண்ணு போகிற சாலையில் வந்தால் ஏரி கண்ணில் படும். மொத்தம் சுமார் 800 ஹெக்டேர். பாதி புதுச்சேரியிலும் மீதி விழுப்புரம் மாவட்டத்திலும் இருக்கிறது. புதுச்சேரிப் பகுதியை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பிறகு தமிழ்நாட்டுப் பகுதியும் சரணாலயமானது. சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது.

போன முறை நான் வந்தது 2024 டிசம்பரில். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அதற்குப் பின். ஏரி ததும்பி நின்றது. இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, பறவைகளும் குவிந்திருக்கும் என்று ஆசையாக வந்தேன். நாமக்கோழி இருந்தது, நீர்க்காகம் இருந்தது, முக்குளிப்பான் இருந்தது. அவ்வளவுதான். மூன்றும் முங்கி இரை தேடுகிறவை, ஆழம் அவற்றுக்குப் பொருட்டே இல்லை.

அன்றைக்கு எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் எனக்கு விவரம் சொன்னார். "இப்ப எதுக்கும்மா வந்தே? தண்ணி இறங்கட்டும், சேறு தெரியட்டும், அப்புறம் வந்து பாரு" என்றார். அவர் பேச்சைக் கேட்டுத்தான் இன்று வந்தேன்.

ஏரி ஒரு தொட்டி மாதிரி இருக்காது. மண் போட்டுக் கட்டிய கரையை ஒட்டி, மதகுப் பக்கம் ஆழம் அதிகம். கரைக்கு எதிரே, தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம் போகப் போக ஆழம் குறைந்து, கடைசியில் தண்ணீரும் தரையும் எங்கே பிரிகின்றன என்றே தெரியாது. பறவைகளுக்குச் சோறு போடுவது அந்த உள்வாய்தான். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஆழம். அதோ தூரத்தில் கூழைக்கடாக்கள், நீந்துவதற்குத் தண்ணீர் வேண்டும், நடுவில் இருக்கின்றன. அதற்கு இந்தப் பக்கம் ஊசிவால் வாத்துகள் தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கிக்கொண்டு அடியில் மேய்கின்றன. முழங்கால் அளவுத் தண்ணீரில் மஞ்சள்மூக்கு நாரைகள். வாயைக் கொஞ்சம் திறந்து தண்ணீருக்குள் விட்டு இடமும் வலமும் துழாவுகின்றன பாருங்கள். மீன் கண்ணில் பட வேண்டும் என்றில்லை, அலகில் பட்டால் போதும், சட்டென்று மூடிவிடும். அடுத்து நெடுங்கால் உள்ளான், சிவப்புக் குச்சி மாதிரிக் கால்கள். கடைசியாக வெறும் ஈரச் சேற்றில் கொசு உள்ளான். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். ஆர்க்டிக் கரையில் முட்டை பொரித்து, குளிருக்கு இங்கே வந்து சேர்கிறது. அதற்கு இந்த ஒரு விரல் தண்ணீர் போதும், அதற்கு மேல் ஏறினால் நிற்க முடியாது. டிசம்பரில் நான் பார்த்த ஏரியில் அதற்குக் கால் வைக்க இடமே இல்லை.

சரி, இப்போது இந்தப் பக்கம் திரும்புகிறேன். நத்தைகுத்தி நாரை. அலகைப் பாருங்கள், நுனி சேர்ந்திருக்கிறது, நடுவில் ஓர் இடைவெளி. குஞ்சாக இருக்கும்போது இந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். பாக்குவெட்டி போல இடையில் வைத்து நத்தையை உடைக்கும் என்று நானும் பல நாள் நம்பினேன். ஆனால் உடைப்பதில்லை. நத்தையைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் நுனியை உள்ளே விட்டு, ஓட்டோடு ஒட்டியிருக்கும் சதையை அறுத்து முழுதாக இழுத்துவிடும். இதோ என் உள்ளங்கையில் இருப்பது காலடியில் கிடந்த நத்தை ஓடு. கொஞ்சம் கிட்டக் காட்டுகிறேன். விரிசல் இல்லை. உள்ளே ஒரு துளி சதை இல்லை. வாய் ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு சில்லு போயிருக்கிறது. மூடி தனியாகச் சேற்றில் கிடந்தது. கையே இல்லாமல் இவ்வளவு சுத்தமாக எடுக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இதைச் சொல்லாமல் இந்த வீடியோவை முடிக்க எனக்கு மனம் வராது. ஏரியைத் தூர்வார வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறோம். நியாயம்தான். வண்டல் சேர்ந்தால் கொள்ளளவு குறைகிறது, பாசனத்துக்கும் கிணறுகளுக்கும் தண்ணீர் வேண்டும். ஆனால் பொக்லைனை விட்டு ஓரம் வரைக்கும் ஒரே ஆழமாகத் தோண்டிவிட்டால் இந்தச் சரிவு போய்விடும். தண்ணீர் இருக்கும், நாமக்கோழி இருக்கும், ஆழமில்லாத தண்ணீரிலும் சேற்றிலும் நான் இவ்வளவு நேரம் காட்டியவை இருக்காது. கரைப் பக்கம் ஆழப்படுத்துங்கள், உள்வாயின் சரிவை அப்படியே விட்டுவிடுங்கள். உங்கள் ஊர் ஏரிக்கும் இதே கணக்குத்தான். ஊர்க் கூட்டத்தில் தூர்வாருவது பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து இதைக் கேளுங்கள்.

வருகிறவர்களுக்கு: ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வாருங்கள், விடியும்போதே வந்துவிடுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். வெளிர் நிறச் சட்டை வேண்டாம். ஒரே இடத்தில் அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். நடந்துகொண்டே இருந்தால் அவை விலகிக்கொண்டே இருக்கும்.

கொசு உள்ளான் கூட்டம் இந்தப் பக்கமாக மேய்ந்து வருகிறது. ஏழு… இல்லை, ஒன்பது. இன்னும் பத்தடி வந்தால் என் காலடிக்கே வந்துவிடும். பேச்சை இதோடு நிறுத்திக்கொள்கிறேன், நீங்களும் பாருங்கள்.